கோயில் வழி: பின்னிருக்கை யாத்திரை

சென்ற மாதம் வாசகி ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. வயது 69 என்று எழுதியிருந்தார். முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற இயலவில்லை. வாடகைக் கார் வைத்துக்கொள்ள வசதியில்லை. இளைய மகன் தன் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திக் கோயில்களுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். "இப்படிப் போவது யாத்திரைக் கணக்கில் சேருமா, ஊர் சுற்றிய கணக்கில் சேருமா?" என்பது அவருடைய கேள்வி. அட்டையின் ஓரத்தில் இடமில்லாத இடத்தில் நெருக்கி இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: "எனக்குப் பயமாகவும் இருக்கிறது."

முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. பாதயாத்திரையின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு நாவெழாது. ஆனால் நம் பாட்டனார் வில்வண்டி கட்டிக்கொண்டு போனார். தந்தையார் புகைவண்டியில் போனார். அவர்கள் பெற்ற புண்ணியத்தில் எவரும் கழிவு போடவில்லை. ஆயுதபூஜையன்று நாமே வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். இராஜஸ்தானத்தில் பாலி நகருக்கும் ஜோத்பூருக்கும் இடைப்பட்ட சாலையில், சோட்டிலா என்னும் சிற்றூரின் அருகில், ஒரு மோட்டார் சைக்கிளையே கண்ணாடிக் கூண்டில் வைத்து வழிபடுகிறார்கள். 1988ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவ்விடத்தில் மரத்தில் மோதி உயிர்நீத்த ஓம் பன்னா என்னும் இளைஞரின் 350 சி.சி. புல்லட் வண்டி அது. காவல் நிலையத்திற்குக் கொண்டுபோன வண்டி மறுநாள் தானே விபத்து நடந்த இடத்திற்குத் திரும்பிவிட்டது என்று அப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். அவ்வழிப் போவோர் இறங்கி, வணங்கி, வழிப்பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்டு போகிறார்கள். அந்த நம்பிக்கையை எடை போடுவது என் வேலையன்று. வேகமாக வந்த ஒருவர் அங்கே வண்டியை நிறுத்துகிறார் அல்லவா, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது வரிக்குத்தான், அந்தப் பயத்திற்குத்தான், நான் கடன்பட்டவனானேன். ஏனெனில் அதே வாரத்தில் நானும் வாழ்க்கையில் முதன்முறையாகப் பின்னிருக்கையில் ஏற வேண்டியவனாக இருந்தேன்.

இந்தப் பகுதியை நெடுநாளாகப் படித்துவரும் அன்பர்களுக்கு என் வண்டியைத் தெரியும். கால்நடை ஆய்வாளராக 31 ஆண்டுகள் பணியாற்றினேன். தடுப்பூசி மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைச் சுற்றுப்புறங்களில் நான் போகாத ஊர் குறைவு. அதற்காக 1979இல் கடன் வாங்கி வாங்கியது இந்தப் புல்லட். இன்றைய வண்டிகளைப்போல் விசையை அழுத்தியதும் எழுந்துவிடாது. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, அழுத்தம் விடுவிக்கும் சிறு கைப்பிடியை இழுத்து, உதைகட்டையை மெல்ல இறக்கி, முள் நடுவுக்கு வந்ததும் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். எங்கள் பக்கத்துக் காளைகளுக்கும் அதற்கும் குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த வண்டி பிறந்த ஊர் எது தெரியுமா? திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற பெயரில் தொடங்கிய தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. எல்லைக் காவலுக்கு நம் இராணுவத்தார் கேட்ட வண்டிகளை முன்னிட்டு வந்த தொழில் அது. வண்டி வாங்கியபோது இது எனக்குத் தெரியாது. பின்னொரு நாள் தியாகராசர் சந்நிதிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆலையின் பெயர்ப்பலகையைக் கண்டு வியந்து நின்றேன்.

திருவொற்றியூர் என்றாலே சைவ அன்பர்களுக்குச் சுந்தரமூர்த்தி நாயனாரும் சங்கிலியாரும் நினைவுக்கு வருவார்கள். 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சபதம் செய்ய வேண்டும். சந்நிதியில் செய்தால் பிறகு மீற முடியாதே என்று கருதிய சுந்தரர், 'அவ்வேளையில் தேவரீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும்' என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டார். தோழர் கேட்டதைத் தந்த பெருமான், அன்றிரவே சங்கிலியாரின் கனவில் தோன்றி, 'சபதத்தை மகிழடியில் செய்யச் சொல்' என்றும் சொல்லிவிட்டார்! வேறு வழியின்றி மகிழடியிலேயே சபதம் நடந்தது. பின்னர் திருவாரூர் வசந்த விழா நினைவு வாட்ட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும் இந்த வரலாற்றை எத்தனை முறை கேட்டாலும், எனக்கு மனத்தில் தைப்பது அந்த ஊன்றுகோல்தான். கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தது. அதையும் வாங்கிக்கொண்டு அவர் நடந்தார்.

நாயன்மாரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். ஆனால் சபதத்தை மீறியவன் நான். கண் பழுதானவனும் நான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் இரு கண்களிலும் கண்நீர் அழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. 'கிளாக்கோமா' என்கிறார்கள். வலி இராது. எதிரே இருப்பது நன்றாகத் தெரியும், நாளிதழ் படிக்கலாம், கோபுரத்துப் பொம்மைகளை எண்ணலாம். பார்வையின் ஓரங்கள் மட்டும், கரையான் அரித்த ஓலைபோல, ஓசையில்லாமல் குறைந்துகொண்டே வரும். குறைந்தது மீளாது, சொட்டு மருந்தினால் எஞ்சியதைக் காக்கலாம், அவ்வளவுதான். அன்றே என் மனைவி ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள்: "இருட்டினால் வண்டியைத் தொடக்கூடாது." கையடித்துக் கொடுத்தேன். அவள் இருக்கும்வரை காப்பாற்றினேன். அவள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் அந்திக்குப் பிறகு, கடைக்குப் போய் வரலாம் என்று வண்டியை எடுத்தேன். சூலக்கரை மேட்டில் திரும்பும்போது இடப்பக்கமாகச் சைக்கிளில் வந்த பள்ளிச் சிறுவனை நான் காணவேயில்லை. அரைகுறையாகக் கண்டேன் என்று சொன்னால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்; அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் என் கண் எனக்குச் சொன்னது. என் முன்சக்கரம் அவன் சைக்கிளின் பின்சக்கரத்தில் உரசியது. விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, "பரவாயில்லை தாத்தா, நீங்கள் விழவில்லையே?" என்று கேட்டான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். பதினொரு நாள் எவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாளும் பூஜையறையில் நின்றேன், மனம் நிற்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மகனிடமும் பேத்தியிடமும் சொன்னேன். 55 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்; மருத்துவர் சான்றும் வேண்டும். எனக்கு அந்தத் தவணை நெருங்கியிருந்தது. புதுப்பிக்கப் போவதில்லை என்றேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி மட்டும், "அப்போது வண்டியை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் தாத்தா?" என்றாள்.

அவளுக்கு வயது 24. தன் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறவள். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். பிற்கால வண்டிகளுக்கு நேர்மாறு. ஒரு மாத காலம் ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே மைதானத்தில் பழகினாள். முதல் நாள் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து முள்வேலி வரை போனாள். நான் மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், "தாத்தா, நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்கு நன்றாக வருகிறது" என்றாள். உண்மை. வராகி மந்திரம் ஜபித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன், அவளுக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. உரிமத்தைத் தேடி மனைவியின் தகரப் பெட்டியைத் திறந்தபோது, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் கிடைத்தது. அவிழ்த்தால் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி. கூட ஒரு ரூபாய் நாணயம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து முடிந்தது என்று பார்த்தவுடன் விளங்கிற்று. எனக்கு நோய் தெரிந்த ஆண்டில் அவள் முடிந்திருக்க வேண்டும். என்னிடம் சொன்னதில்லை. செலுத்துவதற்குள் அவளுக்கே காலம் முடிந்துவிட்டது.

மறைந்தவர் நேர்ந்த கடனை இருப்பவர் செலுத்த வேண்டுமா? இந்தக் கேள்வியை இப்பகுதிக்குப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஏதேதோ விடை எழுதியிருக்கிறேன். பொட்டலம் கையில் இருக்கும்போது அந்த விடைகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்பது பேத்தியின் விதி. இருவருக்கும் தலைக்கவசம், பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி அது கட்டாயம். எனக்கு அது தலையில் கலயத்தைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. கால்மணி நேரத்தில் மறந்துபோயிற்று.

எங்கள் சூலக்கரையிலிருந்து சாத்தூருக்கு நான்குவழி நெடுஞ்சாலை இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் சாலையின் ஒரு துண்டு அது. இராணி மங்கம்மாள் போட்ட சாலை என்று முதியோர் சொல்வார்கள். வழிப்போக்கருக்கு நிழல் மரமும் சத்திரமும் வைத்த புண்ணியவதி. இன்று அங்கே சரக்குந்துகள் பறக்கின்றன, நிழல் இல்லை. யாத்திரை போகிறவர்களுக்கு அந்தச் சாலையில் என்ன வேலை? கொஞ்ச தூரத்திலேயே இறங்கி, கோல்வார்பட்டிப் பக்கமாகக் கிராமச் சாலையைப் பிடித்தோம். நேரம் சற்றுக் கூடும். கூடினால் என்ன?

கரிசல் காடு ஆண்டில் பத்து மாதம் வெந்து கிடக்கும்; தை மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். கருந்தரையில் மல்லிச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை அரை மைல் தூரம் வண்டியோடு கூடவே வந்தது. பருத்தியில் காய் பிடித்திருந்தது. கண்மாய்க் கரைகளில் பனைகள் நின்றன. வண்டி ஓட்டிய நாளெல்லாம் நான் பார்த்தது சாலையில் உள்ள குழியை மட்டுமே என்பது, பின்னால் அமர்ந்து தலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஓரப் பார்வை போனவன் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது. பின்னால் இருப்பவனுக்கு அதனால் குற்றமில்லை.

ஓரிடத்தில் சாலையை அடைத்துச் சோளக்கதிர் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே போரடிக்கட்டும் என்ற எண்ணம். இருசக்கர வண்டிக்கு இது வழுக்குப் பாறைக்கு நிகர். பேத்தி நிறுத்தினாள், நான் இறங்கி நடந்தேன், அவள் மெல்ல ஓட்டிக் கடந்தாள். அங்கிருந்த அம்மாள், "பொம்பளைப் பிள்ளை பட்டாளத்து வண்டி ஓட்டுதே!" என்று சோளத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் பட்டாசு ஆலைகள் வந்தன. வெளியூர் அன்பர்கள் பெரிய கட்டடங்களை எதிர்பார்ப்பார்கள், அப்படி இராது. கம்பி வேலிக்குள் சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும். ஓரறையில் தீப்பற்றினால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. நடுவே வேம்பு, உயரத்தில் இடிதாங்கி. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த பாதையில், மழை பொய்த்த இந்த மண்ணுக்குக் கிடைத்த பிழைப்பு இது. ஆலை வாசலை ஒட்டிய ஒரு சிறு அம்மன் கோயிலில் பணிக்கு வந்த பெண்கள் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். பையிலிருந்து சூடத்தை எடுத்தபோது ஒரு பெண் பதறிக் கையைப் பிடித்துவிட்டாள். "ஐயா, இங்கே நெருப்பு கிடையாது. பூ மட்டும்தான். ஆத்தாவுக்குத் தெரியும்." எனக்கு வெட்கமாகிவிட்டது. விளக்கும் சூடமும் இல்லாமல், மஞ்சளும் பூவும் வைத்து அவர்கள் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் வேறென்ன கேட்டிருக்கப் போகிறார்கள்?

எட்டேகால் மணிக்கு இருக்கன்குடி. அருச்சுன நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்த கோயில். இரு கங்கைக் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பர். சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தாள். திரும்ப எடுக்க முடியவில்லை. 'நான் இங்கே புதைந்து கிடக்கிறேன்' என்று அவள் மேல் வந்து அம்மன் சொன்னாள். தோண்டியெடுத்து வைத்தார்கள் என்பது தலவரலாறு. அரசனுக்கோ முனிவருக்கோ சொல்லாமல் சாணம் பொறுக்குகிறவளிடம் சொன்ன தெய்வம். கால்நடைத் துறைக்காரனான எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து இறங்கிய காலத்தில், காளைகளின் குளம்புக்கு மருந்து போட்டுக்கொண்டு அந்த ஆற்று மணலில் இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

அன்று ஆற்றில் ஆங்காங்கே தேங்கிய நீர் மட்டுமே இருந்தது. கூட்டம் அளவானது. கண்ணோய் தீர வேண்டிக் கண்மலர் சாத்துகிறவர்கள் இங்கே மிகுதி. எங்களுக்கு முன்னால் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றாள். என் முறை வந்ததும் பூசாரியிடம் பொட்டலத்தைக் கொடுத்து, "இது என் மனைவி முடிந்துவைத்தது. அவள் இல்லை. கண் குணமாகவும் இல்லை. ஆனால் முழுக்கப் போகவும் இல்லை. இதைச் செலுத்தலாமா?" என்று கேட்டேன். இத்தனை நீளமாக வரிசையில் நின்று எவரும் பேசமாட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

பூசாரி இளைஞர். துணியை அவிழ்த்துப் பார்த்தார். "அந்த அம்மா என்ன சொல்லி முடிந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் அது அவர்களுக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு. நீங்கள் கொண்டுவந்து சேர்த்தவர். சேர்த்துவிட்டீர்கள்."

கண்மலரை வாங்கி உள்ளே கொண்டு போனார். நாணயத்தை உண்டியலில் இடச் சொன்னார். நான் எழுதிய விடைகளையெல்லாம்விட அது சிறியது.

அங்கிருந்து வடகிழக்கே பந்தல்குடி நோக்கிக் கிளம்பினோம். நான் ஊசிப் பெட்டியோடு அலைந்த பாதைகள். ஊர் பெயர்ப்பலகை வருமுன்பே மாட்டின் நிறத்தை வைத்து ஊரைச் சொல்லி வந்தேன். பாதிக்கு மேல் தவறு. இப்போது மாடுகளே குறைவு. ஓர் ஆலமரத்தடியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் இருந்த முதியவர் ஒருவர் தலையை நிமிர்த்தி, "மாட்டு டாக்டரா?" என்றார். அருகில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்திருந்தது. "எப்படித் தெரிந்தது?" என்றேன். "ஆளைத் தெரியலே. வண்டிச் சத்தம் தெரியுமே. இந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க ஆடெல்லாம் ஊசிக்குப் பயந்து ஓடும்."

கண்ணைப் பற்றிக் கேட்டேன். மூன்று ஆண்டாயிற்றாம். அறுவைக்குப் பயம், இந்த வயதில் என்னத்துக்கு என்று இருந்துவிட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கண்புரையையும் என் நோயையும் பலர் ஒன்றென்று எண்ணுகிறார்கள். என்னுடையது போனால் போனதுதான். கண்புரை அப்படியன்று, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பும். வலியும் இல்லை; நெடுநாள் படுக்கையும் இல்லை. அந்தச் சிகிச்சைக்கு உலகம் எங்கள் கரிசல் பக்கம்தான் பார்க்கிறது. எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கீல்வாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும் அறுவை செய்யக் கற்று, ஓய்வு பெற்ற பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. ஸ்ரீ அரவிந்தரின் அன்பராகிய அவர், பணமில்லாதவர்க்கும் கண் கிடைக்க வேண்டும் என்பதையே சாதனையாகக் கொண்டவர். கிராமந்தோறும் முகாம் போட்டு, அழைத்துப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவிடும் வழக்கத்தை ஊன்றியவர்.

இதையெல்லாம் முதியவரிடம் சொன்னேன். "காஞ்சிபுரம் போனாத்தான் ஒரு கண்ணு, திருவாரூர் போனாத்தான் மறு கண்ணுன்னு அப்போ. இப்போ ஊருக்கே வண்டி வருதா?" என்றார். தெருக்கூத்தில் கேட்ட கதையாம். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை. பேத்தி அவர் மகனின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள். மறு வாரமே முகாம் ஒன்றின் விவரத்தைச் சொல்லிவிட்டாள். அவர் போவாரா என்பது இதை எழுதும் நாள்வரை முடிவாகவில்லை. மகன் சம்மதித்திருக்கிறார், அவர் இன்னும் ஆடுகளைக் காரணம் சொல்கிறார்.

பதினொன்றரைக்குத் திருச்சுழி. நடை சாத்துவதற்குள் போய்விட்டோம். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று, குண்டாற்றின் கரை, பூமிநாதர், துணைமாலை அம்மை. பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது, பெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்ததால் சுழியல் எனப் பெயர். எங்கள் ஊர்ப் பெயரிலும் சூலம் ஒலிப்பதால், அது எங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன சூலம்தான் என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே போக விரும்பியதற்குக் காரணம் சுந்தரர். சேரமான் பெருமாளோடு பாண்டி நாட்டுத் தலங்களை வணங்கி வந்த அவர் சுழியலுக்கும் வந்தார், பதிகம் பாடினார். இரவு கனவில் பெருமான் இளங்காளையாய், கையில் பொற்செண்டும் தலையில் சுழியமுமாகத் தோன்றி, தாம் இருக்கும் இடம் கானப்பேர் என்று சொல்லி மறைந்தார். விடிந்ததும் சுந்தரர் கானப்பேருக்குப் புறப்பட்டுவிட்டார். இன்றைய காளையார்கோயில் அது. திருவொற்றியூரில் மகிழடியைக் காட்டிக்கொடுத்தவர்தாம் இங்கே அடுத்த ஊரையும் காட்டினார். சந்நிதியில் நின்றபோது இதைப் பேத்தியிடம் சொன்னேன். "ஒற்றியூரில் செய்த வண்டி சுழியலுக்கு வந்துவிட்டது" என்றாள். எனக்குத் தோன்றாத கணக்கு.

வெளியே வந்து சுந்தர மந்திரத்திற்கும் போனோம். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பகவான் ரமணர் அவதரித்த இல்லம். மதுரையில் அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு, 1896 ஆகஸ்டு 29 அன்று அந்தப் பிள்ளை புறப்பட்டது. பெரும்பகுதி ரயில், கொஞ்சம் நடை. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை. அதன்பின் ஐம்பத்து மூன்றரை ஆண்டுகள் அந்த மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்போன்றவர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் சற்றுக் கூச்சத்தோடுதான் அமர வேண்டும். அமர்ந்தேன். முழங்கால் வலித்தது.

அருப்புக்கோட்டை, பாலவநத்தம் வழியாக மூன்று மணிக்கெல்லாம் வீடு. சாவியை வாசல் ஆணியில் மாட்டியது பேத்தி. எண்ணெய் சரிபார்த்ததும் அவளே.

அஞ்சலட்டை எழுதிய சகோதரிக்கு இப்போது சொல்கிறேன். பயம் நியாயமானது, அதை மகனிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஒருக்களித்து உட்கார வேண்டாம். சுடிதாரோ தைத்த கச்சமோ அணிந்து இருபுறமும் கால் போட்டு அமர்ந்தால் இடுப்பு வலிக்காது, வண்டியும் சாயாது. கூச்சமாக இருந்தால், நம் அம்மன்களில் குதிரை மேலும் சிங்கத்தின் மேலும் வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். புடவையே உடுத்துவீர்களானால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்சக்கரத்துக்கு மறைப்புத் தகடு இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்கப் படியும் இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடங்கள். மாத்திரை வேளையைத் தள்ளிப்போடாதீர்கள். நாற்பது வேகத்துக்கு மேல் போனால் முதுகில் இரண்டு தட்டு தட்டுங்கள். நானும் என் பேத்தியும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். இதுவரை மூன்று முறை தட்டியிருக்கிறேன். ஒருமுறை அவள் முப்பத்தைந்தில்தான் போய்க்கொண்டிருந்தாளாம்.

ஆண்டுக்கு ஒருமுறை கண்ணை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓரப் பார்வையும் கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது போதாது. இருட்டியபின் இன்னும் வண்டி எடுத்துக்கொண்டிருக்கும் ஆண் அன்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிறுவன் வீட்டிற்கும் போய் வந்தேன். அவன் தாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சொல்லவே இல்லையாம். சிராய்ப்புக்குக் கால்பந்தைக் காரணம் காட்டியிருக்கிறான். புல்லட்டில் ஒருமுறை ஏற வேண்டும் என்பது அவன் கோரிக்கை. மாசி மகத்தன்று, தாயின் அனுமதியோடு, தலைக்கவசம் போட்டு, பேத்தி அவனைச் சூலக்கரையைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு.